சால்மன் காடு: பசிபிக் கரையில் மீனும் கரடியும் மரமும்

கடலிலிருந்து பல நூறு மீட்டர் தள்ளி, மலைச்சரிவில் நிற்கும் ஒரு மரத்தின் இலையைப் பறித்து ஆய்வகத்தில் சோதித்தால் அதில் கடல் இருக்குமா? வட அமெரிக்காவின் மேற்குக் கரையில், அலாஸ்காவிலிருந்து பிரிட்டிஷ் கொலம்பியா வழியாக வாஷிங்டன் மாநிலம் வரை நீளும் மழைக்காடுகளில், இந்தக் கேள்விக்கு 'இருக்கிறது' என்பதே பதில். அங்குள்ள ஆற்றோர மரங்களின் நைட்ரஜனில் ஒரு பங்கு பசிபிக் பெருங்கடலில் மேய்ந்து வளர்ந்த மீன்களின் உடலிலிருந்து வந்தது. மீன் தானாக மரமேறவில்லை. கரடியும் ஓநாயும் அதைத் தூக்கிச் சென்றன.

இந்தக் கட்டுரை அந்த மீனையும் அதைத் தின்னும் விலங்குகளையும் பற்றியது. அவை ஒன்றையொன்று எப்படிச் செதுக்கி வந்திருக்கின்றன, பிறகு வந்து சேர்ந்த மனிதன் என்ற வேட்டையாடி அந்தக் கணக்கை எப்படி மாற்றினான் என்று சற்று விரிவாகப் பார்க்கலாம்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். இலங்கைத் தமிழர் வீடுகளில் 'சமன் டின்' என்றால் தகர டப்பாவில் வரும் மீன். பெயர் சால்மனிலிருந்து வந்ததுதான் என்றாலும், டப்பாவுக்குள் இருப்பது பெரும்பாலும் கானாங்கெளுத்தி வகையறா. நாம் இங்கே பேசப்போவது அசல் சால்மனைப் பற்றி, அதிலும் பசிபிக் சால்மனைப் பற்றி மட்டும். அட்லாண்டிக் சால்மன் வேறு பேரினம். அது முட்டையிட்டபின் உயிர் பிழைத்து மறுபடி கடலுக்குப் போவதும் உண்டு. பசிபிக் சால்மனின் முக்கிய இனங்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஒரே ஒரு முறை முட்டையிடும், பிறகு இறந்துபோகும்.

ஒருவழிப் பயணம்

பசிபிக் சால்மனின் பேரினப் பெயர் ஒங்கோரிங்கஸ். கிரேக்கத்தில் 'கொக்கி மூக்கு' என்று பொருள். இனப்பெருக்க காலத்தில் ஆண் மீனின் தாடை கொக்கிபோல் வளைவதால் இந்தப் பெயர். வட அமெரிக்கப் பக்கத்தில் சினூக், கோஹோ, சாக்கை, பிங்க், சம் என்று ஐந்து இனங்களைச் சொல்வார்கள். சில பத்து லட்சம் ஆண்டுகளுக்கு முன் இதே குடும்பத்தில் இரண்டு மீட்டருக்கு மேல் நீளமுள்ள ஓர் இனம் வாழ்ந்தது. அதன் பெரிய பற்கள் கீழ்நோக்கி இருந்தன என்று முன்பு எண்ணி அதை 'வாள்பல் சால்மன்' என்று அழைத்தார்கள். அவை காட்டுப்பன்றியின் கொம்புப்பற்கள் போலப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருந்தன என்று 2024இல் வெளியான புதைபடிவ ஆய்வு திருத்தியது.

சால்மனின் வாழ்க்கைக் கதை எளிமையானது. குளிர்ந்த, தெளிந்த ஓடையில் பெண் மீன் வாலால் கூழாங்கல்லைக் கிளறிக் குழி பறித்து, சில ஆயிரம் முட்டைகளை இடும். ஆண் மீன் அவற்றைக் கருவுறச் செய்ததும் குழி கல்லால் மூடப்படும். வசந்தத்தில் குஞ்சுகள் வெளிவரும். பிங்க் குஞ்சு நேராகக் கடலுக்குப் போய்விடும். சாக்கை குஞ்சு பெரும்பாலும் ஏரியில் ஓரிரு ஆண்டு தங்கும். பிறகு உப்புநீருக்கு ஏற்றபடி உடலை மாற்றிக்கொண்டு கடலிறங்கும். வளர்ந்த சால்மனின் எடையில் 95 சதவிகிதத்துக்கு மேல் கடலில் சேர்ந்ததுதான். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரப்போகும் கதை முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது.

பிறகு திரும்புதல். வட பசிபிக்கில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் சுற்றிய மீன், பிறந்த ஆற்றுக்கே, பல சமயம் பிறந்த ஓடைக்கே வந்து சேர்கிறது. எப்படி என்ற கேள்விக்கு விடையின் ஒரு பாதியைத் தந்தவர் அமெரிக்க ஆய்வாளர் ஆர்தர் ஹாஸ்லர். ஒவ்வோர் ஓடைக்கும் மண்ணாலும் தாவரங்களாலும் ஒரு தனி வாசனை உண்டு. குஞ்சாக இருக்கும்போது அது மீனின் நினைவில் பதிந்துவிடுகிறது. இதைச் சோதிக்க அவரது குழு கோஹோ குஞ்சுகளை மார்ஃபோலின் என்ற வேதிப்பொருள் கலந்த நீரில் வளர்த்து மிச்சிகன் ஏரியில் விட்டது. பின்னாளில் வேறோர் ஓடையில் அதே வேதிப்பொருளைக் கலந்தபோது, அந்த மீன்கள் வாசனையைத் தேடி அங்கே வந்தன. மறுபாதி விடை நடுக்கடலைப் பற்றியது. அங்கே பூமியின் காந்தப்புலம் வழிகாட்டுகிறது. வான்கூவர் தீவின் வடபுறமாகச் சுற்றி வருவதா தென்புறமாகவா என்று ஃப்ரேசர் ஆற்றுச் சாக்கை மீன்கள் ஆண்டுக்கு ஆண்டு மாற்றிக்கொள்வது, காந்தப்புலத்தின் மெதுவான நகர்வோடு ஒத்துப்போகிறது என்று 2013இல் நேத்தன் புட்மன் குழுவினர் காட்டினர்.

ஆற்றுக்குள் நுழைந்ததும் மீன் உண்பதை நிறுத்திவிடுகிறது. குடல் சுருங்குகிறது. கடலில் தின்ற இறால் போன்ற உயிரிகளிலிருந்து தசையில் சேர்ந்திருந்த செந்நிறமி தோலுக்குப் போகிறது. வெள்ளி நிறச் சாக்கை சிவப்பாவது இப்படித்தான். உடலிலுள்ள கொழுப்பும் தசையும் நீந்தவும் முட்டை முதிரவும் செலவாகின்றன. முட்டையிட்ட சில நாட்களிலோ வாரங்களிலோ மீன் இறந்துபோகிறது.

சாவில் என்ன லாபம்?

பரிணாமத்தின் பார்வையில் இது வியப்பானது. இன்னொரு முறை முட்டையிடும் வாய்ப்பை ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்? கடலுக்குத் திரும்பி, மறுபடி உயிர் பிழைத்து, மறுபடி ஆறேறும் வாய்ப்பு மிகக் குறைவாக இருந்தால், மிச்சம் வைப்பதைவிட எல்லாவற்றையும் ஒரே முறையில் செலவிடுவதே ஆதாயம். பெரிய முட்டைகள், குழியைச் சாகும்வரை காவல் காப்பது, ஆண்களிடையே கடும் சண்டை எல்லாம் அந்தச் செலவுக் கணக்கில் வருபவை.

பிறந்த இடத்துக்கே திரும்புவதற்கு இன்னொரு விளைவும் உண்டு. ஒவ்வோர் ஓடையின் மீனும் தன் ஓடைக்காரர்களோடு மட்டுமே கலப்பதால் ஒவ்வொன்றும் தனிக்குடியாகப் பிரிகிறது. பிங்க் சால்மன் இதில் உச்சம். அதன் ஆயுள் மிகச் சரியாக இரண்டு ஆண்டு. ஆகவே ஒற்றைப்படை ஆண்டில் முட்டையிடும் மீனும் இரட்டைப்படை ஆண்டில் முட்டையிடும் மீனும் ஒரே ஆற்றில் வாழ்ந்தும் ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை. மரபணுவைப் பார்த்தால் இரண்டும் வெவ்வேறு கூட்டங்கள். இடத்தால் அல்ல, நாட்காட்டியால் பிரிந்த இனக்குழுக்கள் இவை!

இந்தப் பிரிவு வேகமாகவும் நடக்கிறது. சியாட்டில் நகரை ஒட்டிய வாஷிங்டன் ஏரியில் 1930, 40களில் சாக்கை மீன்கள் விடப்பட்டன. சில ஆற்றிலும் சில ஏரிக்கரையிலும் முட்டையிடத் தொடங்கின. சுமார் 13 தலைமுறைகளுக்குள் இரு கூட்டங்களிடையே உருவத்திலும் மரபணுவிலும் வேறுபாடு தெரியத் தொடங்கியதை ஆண்ட்ரூ ஹென்ட்ரி குழுவினர் 2000இல் வெளியிட்டனர். பரிணாமம் என்றால் கோடிக்கணக்கான ஆண்டுகள் என்ற நம் மனப்பிம்பத்தைச் சற்றே திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மீனைச் சுமக்கும் கரடி

விக்டோரியா பல்கலைக்கழகத்தின் டாம் ரைம்ஹென் 1990களின் தொடக்கத்தில் ஹைடா குவாய் தீவுகளில் ஒரு சிறு ஓடைக்கரையில் உட்கார்ந்து கருங்கரடிகளைக் கவனித்தார். அப்போது அத்தீவுகளுக்குக் குயின் ஷார்லட் தீவுகள் என்று பெயர். 2010இல்தான் மண்ணின் மக்களான ஹைடாக்களின் பெயர் அதிகாரபூர்வமாகத் திரும்பியது. கரடிகள் பெரும்பாலும் இரவில்தான் மீன் பிடித்தன என்பதால் அவரும் இரவில்தான் விழித்திருக்க வேண்டியிருந்தது.

அவர் கண்டது இதுதான். கரடி மீனைப் பிடித்த இடத்தில் தின்பதில்லை. வாயில் கவ்விக்கொண்டு காட்டுக்குள் போய்விடுகிறது. ஓடையோரத்தில் நின்றால் பெரிய கரடி வந்து பறித்துக்கொள்ளும் என்ற அச்சமே முக்கியக் காரணம். காட்டுக்குள் போய் முழு மீனையும் தின்பதும் இல்லை. மீன் ஏராளமாக வரும் நாட்களில் மூளை, முட்டை என்று கொழுப்பு மிகுந்த பாகங்களை மட்டும் தின்றுவிட்டு அடுத்த மீனுக்கு ஓடிவிடும். மிச்சத்தைக் காகம், கழுகு, மார்ட்டன் என்ற மரநாய் போன்ற பிராணி, ஈக்களின் புழுக்கள், வண்டுகள் பங்கிட்டுக்கொள்கின்றன. எஞ்சியது மண்ணுக்கு.

மண்ணுக்குப் போனது மரத்துக்குப் போனதா என்பதை எப்படி அறிவது? இங்கேதான் நைட்ரஜன் ஐசோடோப்புகள் உதவுகின்றன. இயற்கையில் நைட்ரஜன் பெரும்பாலும் 14 என்ற எடையில் இருக்கும். சற்றுக் கனமான நைட்ரஜன்-15 மிகச் சிறு அளவில் உண்டு. கடல் உணவுச் சங்கிலியில் மேலே போகப் போக இந்தக் கனமான வகையின் விகிதம் கூடுகிறது. சால்மனின் உடலில் அது அதிகம். நிலத்து நைட்ரஜனில் குறைவு. ஆகவே இலையில் அதன் விகிதம் கூடியிருந்தால் கடலின் முத்திரை அங்கே விழுந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

தென்கிழக்கு அலாஸ்காவில் ஜேம்ஸ் ஹெல்ஃபீல்டும் ராபர்ட் நைமனும் செய்த ஆய்வு 2001இல் வெளியானது. சால்மன் ஓடைகளை ஒட்டிய மரம், புதர்களின் இலைகளில் உள்ள நைட்ரஜனில் ஏறக்குறைய 22 முதல் 24 சதவிகிதம் மீனிலிருந்து வந்தது என்று அவர்கள் கணக்கிட்டனர். அதற்கு இரண்டாண்டு முன், 1999இல், கீனாய் தீபகற்பத்தில் பழுப்புக் கரடிகளை ஆராய்ந்த கிராண்ட் ஹில்டர்பிராண்ட் குழு, கரடிகள் பரப்பும் மீன் நைட்ரஜனில் மிகப் பெரும்பங்கு அவற்றின் சிறுநீர் வழியாகவே போகிறது என்று கண்டது. காட்டுக்கு உரமிடும் வேலை இவ்வளவு எளிய முறையில் நடக்கிறது.

சந்தேகம் எழுவது நியாயம். சால்மன் வரும் ஓடைக்கரை இயல்பிலேயே செழிப்பான மண்ணாக இருக்கலாம் அல்லவா? மரங்களின் வளர்ச்சி பற்றிய முதல் ஆய்வுகள்மீது இந்த விமரிசனம் வைக்கவும் பட்டது. இதற்கு இரண்டு நல்ல பதில்கள் வந்தன. முதலாவது, அருவிகள். மீன் ஏற முடியாத அருவி ஒன்று குறுக்கே இருக்கும் ஆறுகளில், அருவிக்குக் கீழும் மேலும் உள்ள செடிகளை ரைம்ஹென்னின் மாணவர்கள் ஒப்பிட்டார்கள். ஒரே ஆறு, ஒரே மழை. ஆனாலும் அருவிக்குக் கீழே கடல் நைட்ரஜன் அதிகம், மேலே குறைவு.

இரண்டாவது இன்னும் சுவையானது. அலாஸ்காவின் பிரிஸ்டல் விரிகுடாப் பகுதியில் ஹான்சன் ஓடை என்று ஒன்று உண்டு. நீளம் சுமார் 2 கிலோமீட்டர். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் டாம் குவின் குழுவினர் 1997 முதல் அங்கே இறந்த சாக்கை மீன்களை எண்ணி வந்தார்கள். எண்ணிய மீனையே மறுபடி எண்ணாமலிருக்க அதை எடுத்துக் கரையில் எறிய வேண்டும். எறிவதுதான் எறிகிறோம், எப்போதும் ஒரே கரையில் எறிவோமே என்று முடிவு செய்தார்கள். இருபது ஆண்டுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட மீன்கள், ஏறக்குறைய 2,67,000 கிலோ, ஒரு பக்கக் கரைக்குப் போயின. மென்பொருள்காரர்கள் இரண்டே வாரத்தில் முடிக்கும் 'ஏ/பி சோதனை'யை இவர்கள் மீனையும் மரத்தையும் வைத்து இருபது ஆண்டு நடத்தியிருக்கிறார்கள். 2018இல் முடிவு வெளியானது. மீன் கிடைத்த கரையின் ஸ்ப்ரூஸ் மரங்கள் முன்பு எதிர்க்கரை மரங்களைவிட மெதுவாக வளர்ந்துகொண்டிருந்தவை. மீன் விழத் தொடங்கியபின் அவற்றின் வளர்ச்சி வேகம் கூடியது.

இந்த உரம் எல்லாச் செடிக்கும் ஒரேபோல் நன்மை செய்வதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பிரிட்டிஷ் கொலம்பியாவின் மத்தியக் கரையில் 50 ஓடைகளை ஆராய்ந்த மார்கன் ஹாக்கிங், ஜான் ரெனால்ட்ஸ் இருவரும், சால்மன் மிகுந்த ஓடைக்கரைகளில் சால்மன்பெர்ரி போன்ற சத்து விரும்பும் புதர்கள் ஆதிக்கம் பெற்று, மொத்தத் தாவர வகைகள் குறைவதை 2011இல் காட்டினர். மீன் காட்டைச் 'செழிக்க வைக்கிறது' என்பதைவிட, 'மாற்றியமைக்கிறது' என்பதே சரியான வினைச்சொல்.

தலையை மட்டும் தின்னும் ஓநாய்

ஓநாய் என்றதும் மானைத் துரத்தும் கூட்டம் நம் நினைவுக்கு வரும். இந்தக் கரையோர ஓநாய்கள் சற்று வேறு. தீவுக்குத் தீவு நீந்துகின்றன. வெளித்தீவுகளில் சீல், ஹெர்ரிங் மீன் முட்டை, கரையொதுங்கிய பிராணிகள் என்று கடலை நம்பி வாழ்கின்றன. உள்நாட்டு ஓநாய்களிலிருந்து மரபணுவிலும் விலகியிருக்கின்றன.

கிறிஸ் டாரிமான்ட், பால் பக்கே, ரைம்ஹென் ஆகியோர் ஹெயில்ட்சுக் மக்களின் பிரதேசத்தில் ஓநாய்களின் எச்சங்களைச் சேகரித்து ஆராய்ந்தனர். வசந்தத்திலும் கோடையிலும் மான்தான் உணவு. இலையுதிர் காலத்தில் சால்மன் வந்ததும் மான் கையெட்டும் தூரத்தில் இருந்தாலும் ஓநாய் மீனுக்கு மாறிவிடுகிறது. 2008இல் அவர்கள் சொன்ன விளக்கம் எளிது. மானின் உதை ஓநாயின் எலும்பை முறிக்கலாம். மீன் உதைக்காது. கொழுப்பும் மீனில் அதிகம்.

இதில் வேடிக்கை, ஓநாய் பெரும்பாலும் மீனின் தலையை மட்டும் தின்றுவிட்டு உடலை விட்டுவிடுகிறது. தலையிலுள்ள கொழுப்பு ஒரு காரணமாக இருக்கலாம். சால்மனின் உடலில் வாழும் ஒரு தட்டைப்புழு சுமந்துவரும் பாக்டீரியா, நாய்க் குடும்பத்துக்குக் கொல்லி நோயைத் தருவது இன்னொரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள்.

வெள்ளைக் கரடி

பிரின்சஸ் ராயல், கிரிப்பெல் போன்ற தீவுகளில் கருங்கரடி இனத்தைச் சேர்ந்த சில கரடிகள் பால் வெள்ளை நிறத்தில் பிறக்கின்றன. இவை துருவக் கரடியும் அல்ல, அல்பினோவும் அல்ல. நிறத்தைத் தீர்மானிக்கும் ஒரு மரபணுவில் ஓர் எழுத்து மாறியதன் விளைவு என்று 2001இல் கெர்மிட் ரிட்லண்ட் குழு கண்டறிந்தது. மனிதரில் செம்பட்டை முடிக்குக் காரணமான அதே மரபணு. ஒடுங்கு பண்பு என்பதால் தாய், தந்தை இருவரிடமிருந்தும் வர வேண்டும். இரண்டு கறுப்புக் கரடிகளுக்கு வெள்ளைக் குட்டி பிறக்கலாம்.

காட்டில் தூரத்திலிருந்தே பளிச்சென்று தெரியும் இந்த நிறம் ஏன் ஒழிந்துபோகவில்லை? 2009இல் டான் கிளிங்காவும் ரைம்ஹென்னும் ஒரு பதில் சொன்னார்கள். பகலில் கறுப்புக் கரடியின் நான்கு முயற்சிகளில் ஒன்று வெற்றி. வெள்ளைக் கரடிக்கு மூன்றில் ஒன்று. இரவில் வேறுபாடு இல்லை. தண்ணீருக்குள்ளிருந்து பார்க்கும் மீனுக்கு, வெளிறிய வானத்தின் பின்னணியில் வெள்ளை உருவம் சரியாகத் தெரிவதில்லை. பெரிய கறுப்பு, வெள்ளை மாதிரி உருவங்களை வைத்துச் சோதித்தபோதும், கறுப்பைக் கண்டுதான் மீன்கள் அதிகம் விலகின. கரடியின் நிறத்தை ஓரளவுக்கு மீனின் கண் தீர்மானிக்கிறது என்று சொன்னால் மிகையாகாது.

எதிர்த்திசையிலும் இது நடக்கிறது. ஆழமற்ற சிற்றோடைகளில் கரடிக்கு எளிதில் அகப்படுவது பெரிய, முதுகு உயர்ந்த மீன். அத்தகைய ஓடைகளின் சாக்கை மீன்கள் சிறிதாகவும் முதுகு தாழ்ந்தும் இருக்கின்றன. ஆழமான ஏரிக்கரையில் முட்டையிடும் ஆண் மீன்களுக்குப் பெரிய கூன் இருக்கிறது. முதுமையும்கூட இதில் அடங்கும். தளர்ந்த மீன்களையே கரடி தேர்ந்து கொல்லும் ஓடைகளில், மீன்கள் மெதுவாக மூப்படைகின்றன என்று ஸ்டெஃபனி கார்ல்சன் குழு ஆறு மீன் கூட்டங்களை ஒப்பிட்டு 2007இல் காட்டியது. தளர்ச்சியே மரணம் என்றாகும் இடத்தில், தளராதவற்றின் சந்ததி பெருகுகிறது.

'உபரி' என்ற சொல்

1864இல் கலிஃபோர்னியாவின் சாக்ரமென்டோ ஆற்றில் பசிபிக் கரையின் முதல் சால்மன் டப்பா ஆலை தொடங்கியது. சில பத்தாண்டுகளில் ஆலைகள் அலாஸ்கா வரை பரவின. அதன்பின் மற்ற வேட்டையாடிகள் எல்லாம் போட்டியாளர்களாகத் தெரியத் தொடங்கின. அலாஸ்காவில் 1917 முதல் 1950களின் தொடக்கம் வரை வெண்தலைக் கழுகைக் கொன்று கால்களைக் கொண்டுவந்தால் அரசு பணம் கொடுத்தது. ஒரு லட்சத்துக்கும் மேல் கழுகுகள் இப்படிக் கொல்லப்பட்டன. கரடிகள் தின்னும் சால்மனை இழப்புக் கணக்கில் எழுதிய அறிக்கைகளும் உண்டு.

மீன்வள நிர்வாகத்தின் கணக்கு இப்படி: அடுத்த தலைமுறைக்கு இத்தனை மீன் ஆறேறினால் போதும், மீதி உபரி, அதைப் பிடிக்கலாம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தச் சமன்பாட்டில் கரடி இல்லை, ஓநாய் இல்லை, மரம் இல்லை. கரையில் பாதி தின்னப்பட்டுக் கிடக்கும் மீன் இதில் வெறும் வீண். மேலே பார்த்த ஆய்வுகளின் உண்மையான முக்கியத்துவம் இங்கேதான் இருக்கிறது. 'உபரி' என்று எழுதிய இடத்தில் ஏற்கெனவே ஒரு காடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது என்று அவை நிரூபித்துவிட்டன.

எவ்வளவு பிடிக்கிறோம் என்பதோடு எதைப் பிடிக்கிறோம் என்பதும் கேள்வி. இயற்கையில் வேட்டையாடிகள் பெரும்பாலும் குஞ்சுகளையும் இளையவற்றையும் தளர்ந்தவற்றையும் தின்கின்றன. மனிதன் முதிர்ந்த, பருத்த மீனைத் தேடுகிறான். கடலின் மற்ற வேட்டையாடிகளைவிட வளர்ந்த மீன்களை 14 மடங்கு வீதத்தில் மனிதன் எடுக்கிறான் என்று டாரிமான்ட் குழுவினர் 2015இல் கணக்கிட்டனர். கரடி மீனைச் செதுக்கியதுபோல் வலையும் செதுக்கும். பிரிட்டிஷ் கொலம்பியாவின் சால்மன்கள் சிறுத்து வருவதை டபிள்யூ. ஈ. ரிக்கர் 1981லேயே எழுதினார். அலாஸ்காவின் நெடுங்காலப் பதிவுகளை அலசிய 2020 ஆய்வு ஒன்று, 1990க்கு முந்தைய அளவோடு ஒப்பிட்டால் 2010க்குப் பின் சினூக் சுமார் 8 சதவிகிதம் நீளம் குறைந்திருப்பதாகக் கண்டது. மீன்கள் இளவயதிலேயே திரும்பிவிடுவது முதன்மைக் காரணம். வலையோடு வெப்பமாகும் கடலும் கடலில் கூடிவிட்ட போட்டியும் இதில் சேர்ந்திருக்கின்றன. சிறிய மீனில் முட்டை குறைவு, கரடிக்கும் காட்டுக்கும் கிடைக்கும் பங்கும் குறைவு.

பல ஓடைகள் ஏன் வேண்டும்?

கணினித் துறையில் ஒரே சேவையகத்தை நம்பித் தொழில் நடத்துபவரை யாரும் மெச்சமாட்டார்கள். சால்மனும் அப்படித்தான். பிரிஸ்டல் விரிகுடாவில் நூற்றுக்கணக்கான தனித்தனிச் சாக்கை கூட்டங்கள் உள்ளன. ஓராண்டு ஒன்று சரிந்தால் இன்னொன்று ஈடுகட்டும். இவை எல்லாம் ஒரே கூட்டமாக இருந்திருந்தால் ஆண்டுக்கு ஆண்டு ஏற்ற இறக்கம் 2.2 மடங்கு இருந்திருக்கும், மீன்பிடிப்பைத் தடைசெய்ய வேண்டிய நிலை பத்து மடங்கு அடிக்கடி வந்திருக்கும் என்று டேனியல் ஷிண்ட்லர் குழு 2010இல் கணக்கிட்டது.

கரடிக்கும் இதே பன்மைதான் வாழ்வு. ஓர் ஓடையில் ஜூலையில் மீன், அடுத்ததில் ஆகஸ்டில், இன்னொன்றில் செப்டம்பரில். கரடி ஓடை மாறி ஓடை நடந்து விருந்தை நீட்டித்துக்கொள்கிறது. எல்லா மீனையும் ஒரே பொரிப்பகத்தில் ஒரே வகையாக உற்பத்தி செய்தால் மொத்த எண்ணிக்கை குறையாமலிருக்கலாம், விருந்தின் நாட்கள் குறைந்துவிடும்.

காலநிலை மாற்றமும் இந்த நேரக் கணக்கைத்தான் குலைக்கிறது. அலாஸ்காவின் கோடியாக் தீவில் எல்டர்பெர்ரிப் பழம் வழக்கமாக மீன் பருவத்தின் பிற்பகுதியில்தான் பழுக்கும். கடும் வெப்பமான 2014இல் அது முன்கூட்டியே பழுத்து மீன் பருவத்தோடு மோதியது. கரடிகள் ஓடைகளைக் கைவிட்டு மலைச்சரிவுக்குப் பழம் தின்னப் போய்விட்டதை வில்லியம் டீசி குழு 2017இல் பதிவு செய்தது. மீனைச் சுமக்க ஆளில்லாவிட்டால் அது ஓடையிலேயே கிடக்கும், காட்டுக்குப் போகாது.

ஃப்ரேசர் ஆறு ஒரு எச்சரிக்கை. 1913, 1914இல் ரயில் பாதை வேலையால் விழுந்த பாறைகள் ஹெல்ஸ் கேட் என்ற குறுகலில் ஆற்றை அடைத்தன. மீன் ஏணிகள் கட்ட 1940கள் ஆயின. 2009இல் ஒரு கோடிக்கு மேல் எதிர்பார்க்கப்பட்ட சாக்கை, சுமார் 14 லட்சம் மட்டுமே திரும்பியது. நீதிபதி புரூஸ் கோஹன் தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. வேடிக்கையாக, விசாரணை நடக்கும்போதே 2010இல் ஏறத்தாழ மூன்று கோடி மீன்கள் வந்து எல்லோரையும் திகைக்க வைத்தன. 2012இல் வந்த அறிக்கை ஒற்றைக் குற்றவாளி எவரையும் காட்டவில்லை. பல சிறு நெருக்கடிகளின் கூட்டுவிளைவையே சுட்டியது. கடல் கூண்டுகளில் வளர்க்கப்படும் அட்லாண்டிக் சால்மன், அவற்றிலிருந்து இளம் காட்டு மீன்களுக்குத் தொற்றும் கடல் பேன் ஆகியவை பற்றிய சர்ச்சை தனிக் கட்டுரைக்குரியது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் திறந்தவலைக் கூண்டுப் பண்ணைகளுக்கு 2029 ஜூன் 30 முதல் தடை என்று கனடிய அரசு 2024 ஜூனில் அறிவித்தது என்பதை மட்டும் இங்கே குறிப்பிடலாம்.

மொழியும் கரடியும்

இந்தக் கரையின் பழங்குடிகள் பல ஆயிரம் ஆண்டுகளாகச் சால்மனை உண்டு வாழ்ந்தவர்கள். பருவத்தின் முதல் மீனுக்கு மரியாதை செய்து, உண்டபின் அதன் எலும்புகளை ஆற்றுக்கே திருப்பித் தரும் சடங்கு பல குலங்களில் உண்டு. செல்வத்தைப் பகிர்ந்தளிக்கும் அவர்களது பொட்லாட்ச் விழாவைக் கனடா 1885 முதல் 1951 வரை சட்டத்தால் தடை செய்திருந்தது.

இலக்கியம் விரும்பும் வாசகர்களுக்கு ஒரு தகவல். லாரன் ஹென்சன் குழுவினர், பழங்குடிச் சமூகங்களோடு சேர்ந்து, மத்தியக் கரையின் கிரிஸ்லி கரடிகளின் முடியைச் சேகரித்து மரபணுவை ஆராய்ந்தனர். கரடிகள் மூன்று கூட்டங்களாகப் பிரிந்தன. அந்தப் பிரிவுக்கு மலையோ கடலோ முழு விளக்கம் தரவில்லை. வரைபடத்தில் அந்த எல்லைகளோடு ஒத்துப்போனவை மூன்று பழங்குடி மொழிக் குடும்பங்களின் எல்லைகள்! 2021இல் வெளியான இந்த முடிவின் பொருள், கரடி மொழி பேசுகிறது என்பதல்ல. ஒரே நிலம், ஒரே ஆறு, ஒரே மீன் மனிதக் குழுவையும் கரடிக் குழுவையும் தத்தம் இடத்திலேயே நிறைவாக வாழவைத்திருக்கிறது என்பதே. குறிஞ்சி, நெய்தல் என்று நிலத்தை வைத்து வாழ்வைப் பகுத்த மரபிலிருந்து வரும் நமக்கு இது அவ்வளவு அந்நியமாகத் தோன்றாது.

இனி

நல்ல செய்திகளும் இல்லாமலில்லை. 'பெருங்கரடி மழைக்காடு' என்றழைக்கப்படும் 64,000 சதுர கிலோமீட்டர் பரப்பில், காட்டின் 85 சதவிகிதத்தில் தொழில்முறை மரவெட்டு கூடாது என்று 2016இல் பழங்குடிகள், அரசு, சூழலியல் அமைப்புகள், மர நிறுவனங்கள் நால்வரும் உடன்பட்டனர். 2017 இறுதியில் பிரிட்டிஷ் கொலம்பியா கிரிஸ்லி வேட்டையைத் தடை செய்தது. தெற்கே கிளமத் ஆற்றின் நான்கு அணைகள் 2024இல் அகற்றி முடிக்கப்பட்டன. அதே அக்டோபரில் சினூக் மீன்கள் பழைய அணைகளைத் தாண்டி ஆரிகனுக்குள் ஏறியது பதிவாகியிருக்கிறது. ஒரு நூற்றாண்டுக்கு மேல் மீன் பார்க்காத நீர் அது.

நம் காவிரிக்கும் இதுபோல் ஒரு மீன் உண்டு. கடலிலிருந்து முட்டையிட ஆறேறும் ஹில்சா, அதாவது வங்காளிகள் கொண்டாடும் இலிஷ், ஒரு காலத்தில் காவிரியில் நல்ல வருமானம் தரும் மீனாக இருந்தது. 1934இல் மேட்டூர் அணை வந்தபின் அது சரிந்தது. அதைத் தின்று வாழ்ந்தவை எவை, அதனால் எந்தக் கரை செழித்தது என்ற கணக்கை அங்கே யாரும் நைட்ரஜன்-15 வைத்து எழுதவில்லை. பசிபிக் கரையில் மீன் முற்றாகப் போகுமுன் அந்தக் கணக்கு எழுதப்பட்டுவிட்டது. அணை கட்டுபவரும், வலை வீசுபவரும், மரம் வெட்டுபவரும் இனி எங்களுக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. ஒரு மீனைப் பிடித்தால் அது யாருடைய தட்டிலிருந்து எடுக்கப்பட்டது என்று கேட்கப் போதிய அறிவு இன்று நம் கையில் இருக்கிறது.